ஆணத்தில் போட்ட வெள்ளைத் தூள்

எங்கள் பக்கம் குழம்பை ஆணம் என்போம். மீனாணத்துக்கு வறுத்துப் பொடித்த மாசிக் கருவாடும் ஒரு பிடி கூனி இறாலும் போதும் என்பதுதான் என்னுடைய கருத்தும். என் அக்கா றாஹிலா ராத்தா அப்படித்தான் ஆக்குவா. உம்மா மௌத்தான பிறகு எனக்குச் சோறு தந்த கை அது.

ராத்தாவைக் கலியாணம் முடித்த ஜவுபர் மச்சான், எங்கள் பக்கத்து வழக்கப்படி, எங்கள் வீட்டோடு வந்தார். வந்தவர் பகல் சோற்றுக்கு மருதமுனையில் தன் உம்மா வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தார். மாப்பிள்ளை தாய்வீட்டில் சாப்பிட்டால் ஊர் அதைப் பெண்ணின் குறையாகத்தான் கதைக்கும். ராத்தா சோற்றை மூடி வைத்துவிட்டுப் பட்டினி கிடந்தா.

அதனால்தான் கொழும்பில் சைனீஸ் கடைகளில் ருசிக்குப் போடும் வெள்ளைத் தூளில் ஒரு பக்கற்று வாங்கி வந்தேன். எண்பத்தொன்றாம் ஆண்டு நோன்பு மாதம் அது. நோன்போடு ஆக்குகிற ராத்தா நுனிநாக்கிலும் ருசி பார்க்கமாட்டா. அவ பின்னேரம் அஸர் தொழப் போனதும் நான் சட்டியைத் திறந்து தூளைப் போடுவேன். மச்சான் அந்த மாதம் முழுக்க நோன்பு திறந்து எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார், சோற்றுக் கோப்பையை வழித்தார். நோன்பின் பறக்கத்து, அல்லாஹ்ட அருள் என்றா ராத்தா.

பெருநாள் கழிந்ததும் போடுவதை நிறுத்தினேன். பக்கற்றில் பாதி மிச்சமிருந்தது.

மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்தா மாசியைக் கூட்டினா, கூனியை வறுத்து இடித்தா, தேங்காய் முதற்பாலைப் பிந்தி ஊற்றினா. ஒவ்வொரு தடவையும் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக் கேட்டா.

"என்னடா தம்பி குறையுது? நீயாச்சும் சொல்லு."

"ஒண்டும் குறையல்ல ராத்தா. மச்சான்ட நாக்குலதான் கோளாறு."

அவ அதை அப்படியே மச்சானிடம் சொல்லிவிட்டா.

"அப்ப இந்த நாக்கு எங்கட உம்மாட ஊட்டயே கிடக்கட்டும்" என்று சாரங்களைச் சுருட்டிக்கொண்டு போனார். மாரி பிறக்குமுன் காதியார் முன்னிலையில் தலாக்கும் ஆயிற்று.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், இனி அவவே சமாளிக்கட்டும் என்று விட்டேன் என்பேன். அது பொய். கலியாணத்துக்கு முன் பாரைமீன் தலை எனக்குத்தான் வரும். மாப்பிள்ளை பந்தியில் இருந்தால் அது மாப்பிள்ளைக்கு. நோன்பு முழுக்க அவர் அதை உறிஞ்சுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தலை எனக்குத்தான். வெட்கத்தில் ஒதுக்கிவிடத்தான் தோன்றும். ஒதுக்கினால், தன் கையில்தான் குறை என்று ராத்தா நினைப்பா. ஆகவே முள்ளை மட்டும் மிச்சம் வைக்கிறேன். அவவுக்கு என்னால் ஆன உதவி அது.