சந்தனம் வைத்த விண்கல்

என் பெயர் விசாலாக்ஷி. வயது நாற்பத்து மூன்று. கணவர் பெயர் ஸ்ரீநிவாஸ். டெல்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் வசிக்கிறேன். விண்கற்களை ஆராய்ந்து வகைப்படுத்தும் ஆய்வகத்தில் விஞ்ஞானியாக இருக்கிறேன். எனக்கு இந்தி வரும், ஆனால் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன். தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் குழந்தைசாமி எழுதிக்கொள்கிறார்.

திருடுபோனதாகப் புகாரில் உள்ள கல், தென்துருவப் பனியில் கண்டெடுக்கப்பட்டு என் பொறுப்பில் இருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதன் முனையை அறுத்து, பரிசோதனைத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஹைதராபாத் போனேன். மீதிக் கல்லை அலமாரியில் வைக்கும்படி, அறுப்பு இயந்திரம் இயக்கும் ஜோதிலிங்கத்திடம் சொன்னேன். அதன் பிறகு அவர் வருஷா வருஷம் செய்கிறபடி ஆய்வகத்தில் ஆயுத பூஜை போட்டுவிட்டு, விஜயதசமியன்று வந்து பூஜையை எடுத்துவிடும்படி எனக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஊருக்கு ரயிலேறிவிட்டார்.

ஆயுத பூஜையன்று பிற்பகல் இயக்குநர் ஒரு விருந்தாளிக்குக் காட்ட அலமாரியைத் திறந்தபோது கல் இல்லை. சாவி துப்புரவுப் பணியாளர் ராஜவேலிடம் இருந்ததால் போலீசார் அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். அதற்கு முன் ஆய்வகம் முழுக்கத் தேடினார்கள். பூஜை மேஜையை மட்டும் தொடவில்லை. ஸ்பேனர்களுக்கும் புத்தகங்களுக்கும் நடுவில் சந்தனம் குங்குமத்தோடு இருந்த கறுப்புக் கல்லைச் சாமி என்று நினைத்து, இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாராம். இயக்குநர் அந்தக் கல்லை அதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

கல் காணோம் என்று கேள்விப்பட்டு ஹைதராபாத்திலிருந்து திரும்பி, விஜயதசமியான இன்று காலை பூஜையை எடுக்கப் போன நான், மேஜையில் இருந்தது அதே விண்கல்தான் என்று கண்டுகொண்டேன். போன உயிர் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் கோபம் வந்தது, ஈரச் சந்தனம் பட்டால் கல்லிலுள்ள உலோகம் துருப்பிடிக்கும். ஜோதிலிங்கம் ஒருவழியாகப் போனில் கிடைத்தார். "கல்லும்தானே மேடம் நமக்குச் சோறு போடுது, அத மட்டும் எப்படி விடறது?" என்றார்.

அதன் பிறகு கல்லை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தேன். ராஜவேல் அசலை விற்றுவிட்டு இரும்புக் கழிவை வைத்திருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் சொன்னது: இதன் மேல்தோல் காற்றில் எரிந்து கறுத்தது. அறுத்த முகத்தில் உலோகமும் பாறையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்திருக்கின்றன. உலோகத்தில் நிக்கல் இருக்கிறது, சாதாரண இரும்புக் கழிவில் இந்த அளவுக்கு இருக்காது. ஆலிவின் என்ற பச்சைநிறக் கனிம மணிகள் நிறைந்திருந்தால் பல்லசைட் என்போம், இதில் அப்படி இல்லை. ஆகவே இது மீசோசிடரைட் என்ற வகை. என்னிடமுள்ள துண்டை அறுத்த இடத்தில் வைத்துக் காட்டினேன், இம்மி பிசகாமல் பொருந்தியது. சந்தனம் மேல்தோலில் மட்டும் பட்டிருப்பதால் ஆராய்ச்சிக்கும் கெடுதல் இல்லை.

ராஜவேலை வெளியே விட்டார்கள். அவர் மனைவி அம்பிகா வாசலிலேயே அழுதுவிட்டாள். ராஜவேல் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி இந்தச் சாமியத்தான் மேடம் கும்பிட்டேன், கல்லு கிடைச்சிடணும்னு" என்றார்.

ராஜவேல் மீது எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நான் கண்டதையும் விசாரித்து அறிந்ததையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன். வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. இன்ஸ்பெக்டர் கும்பிட்ட வரியை எடுத்துவிடலாமா என்று கேட்கப்பட்டது, நான் சம்மதிக்கவில்லை.

(ஒப்பம்) விசாலாக்ஷி