துண்டு போட்ட இடம்

பள்ளிக்கூட வாசல் மிதிக்காத நான் மேலூரில் நெல் மில் வைத்தேன், ஓட்டு வீடு கட்டினேன். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரியை எரித்து மதுரைக்கு பஸ் விட்டேன். அதில் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு போட்டதும் என் யோசனைதான்.

அந்தப் பெஞ்சில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் இரண்டு இளவட்டங்கள். இருவர் தாடையிலும் கட்டு. முன்னால் இருந்த என் காதில் அவர்கள் பேச்சு விழுந்தது.

"அண்ணே, உங்களுக்கும் புத்துநோயா?"

"ஆமா தம்பி. அதுக்கு ஏன் இம்புட்டு சந்தோசம்?"

"வீட்ல எனக்குத் தட்டே தனி. பக்கத்துல உக்காந்து யாரும் பேசுறதில்ல."

"எங்கிட்ட எல்லாரும் வாராங்க, அழுகுறதுக்கு. நான்தான் தேத்தி அனுப்புறேன்."

"சிரிக்க வைக்காதீங்கண்ணே, வலிக்குது."

"அடுத்த செவ்வாயும் வாரேன். எனக்கு இடம் போட்டு வையி."

அடுத்த செவ்வாய் சின்னவன் முதல் ஆளாக ஏறி, பக்கத்தில் துண்டைப் போட்டான்.

"ஆள் எங்கப்பா?" என்றார் கண்டக்டர்.

"வருவாங்க."

பெரியவன் வரவில்லை. ஜனம் நின்றுகொண்டு வந்தது. மதுரை வரைக்கும் சின்னவன் துண்டை எடுக்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாயும் போட்டான். கண்டக்டரே நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

இதை யார் சொன்னாலும், அந்தப் பெஞ்சைப் போட்டவன் பேரையும் சேர்த்துச் சொல்லணும்.