படத்தில் மூழ்கிய வீடு

வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“எங்க வீட்டை வெளிநாட்டுக்காரன் தண்ணிக்குள்ள முக்கிட்டான்க்கா. தம்பி கல்யாணம் நின்னுரும் போல,” என்றாள் இளையவள்.

மூத்தவள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். “என்னடி சொல்லுத?”

“வெள்ளம் எங்கன வருதுன்னு பல நாட்டுக்காரங்க சேந்து வானத்துல இருந்து படம் எடுக்காகளாம். நம்ம பக்கம் மேகம் மறைச்சிருச்சாம். அதான் ஊர் ஊரா ஆள் வந்து, போன மழையில வீட்டுக்குள்ள எம்புட்டுத் தண்ணி நின்னுச்சுன்னு கேட்டாக. நிவாரண அரிசி தருவாகன்னு நெனச்சு, கழுத்தளவுன்னு சொல்லிட்டேன்.”

“உங்க வீடு மேட்டுலல்ல இருக்கு?”

“ஆமாக்கா. இப்ப செல்லுல வர்ற படத்துல, தண்ணி நின்ன எடம்னு நீலமாக் கெடக்கு. தாயில்பட்டிப் பொண்ணு வீட்டுல அதைப் பாத்துட்டு, தண்ணிக்குள்ள எப்படிப் பொண்ணைக் குடுக்கன்னு கேக்காக.”

“அவுக வீடு ஓடைக்கரையிலதானே? அந்த மழையில சோத்துப் பானையே தெருவுல மிதந்து போச்சே. படத்துல அது எப்படி இருக்கு?”

“நீலமே இல்லக்கா.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு, கேக்க வந்த ஆளுககிட்ட சொட்டுத் தண்ணி வரலைன்னு சொல்லியிருக்காக. நீ போயி, அந்தப் பானை கெடச்சுச்சான்னு மட்டும் கேளு. அப்புறம் ஒண்ணும் பேச மாட்டாக. ஜாதகத்துலகூட இம்புட்டுப் பொருத்தம் அமையாது.”