எதிர்வீட்டில் இருபது தடவை

மேலூர் பஸ் மாட்டுத்தாவணியை விட்டு இன்னும் கிளம்பவில்லை. எனக்குப் பின் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் லேப்டாப் பை, பூ வியாபாரம் செய்கிற மற்றவளின் காலடியில் மல்லிகை மூட்டை. லேப்டாப்காரிதான் ஆரம்பித்தாள்.

"எதிர்வீட்டுக்குப் போயி இருபது தடவை கேட்டேன் மதினி. கேட்டதும் பதில் வந்துருது. எங்க வீட்டுல கேட்டா முழிக்குது."

"யாருகிட்ட கேட்ட?"

"நேம் சர்வர்கிட்ட. நம்ம ஒரு வெப்சைட் பேரைத் தட்டுனா, அதுக்கு விலாசம் சொல்ற கம்ப்யூட்டர். அது சொன்னாத்தான் பக்கமே திறக்கும். எதிர்வீட்டுல வேற கம்பெனி நெட்டு. இன்னைக்குச் சாயங்காலம் நானும் அதுக்கு மாறுறேன். நெட்டு சரியில்லன்னா சென்னைக்கு வந்து வேலை பாருன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாக."

மதினி மூட்டையைக் காலால் உள்ளே தள்ளினாள்.

"இருபது தடவையும் என்ன பேரு கேட்ட?"

"எங்க ஆபீஸ் பேருதான்."

"ஒரே பேரா? எங்கிட்ட ஒரே பூவுக்கு இருபது தடவை விலை கேட்டா, ரெண்டாவது தடவைல இருந்து நான் யோசிக்காமச் சொல்லிருவேனே. அது மட்டும் ஞாபகம் வச்சுக்காதா?"

லேப்டாப்காரி மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

"உங்க வீட்டுல எத்தனை தடவை கேட்ட?"

"ஒரு தடவைதான். கோவத்துல மூடி வச்சுட்டேன்."

"அப்பப் போனதும் ரெண்டு வீட்டுலயும் வேற வேற பேராக் கேட்டுப் பாரு. அப்புறம் மாத்து."

"எதை வச்சுக் கேக்க மதினி? காலையிலயே பழைய கம்பெனிக்காரக வந்து எங்க வீட்டு வயரைச் சுருட்டிட்டுப் போயிட்டாக."