மஞ்சள் ஏறிய ஸ்பாஞ்சு

நீளமாக, ஆழம் குறைவாக இருக்கும் மீன் தொட்டிக்கு வெளிச்சம் அதிகம் தேவையில்லை. தொட்டி வைக்கிறவர்கள் முதலில் சறுக்குவது இதில்தான். தொட்டி பெரிசாயிற்றே என்று விளக்கை வாரிப் போடுவார்கள். ஒரே மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி படிந்து, உள்ளே மீன் இருக்கிறதா என்று தேட வேண்டி வரும். வெளிச்சம் எத்தனை தூரம் கீழே இறங்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஓரடித் தண்ணீருக்கு டியூப் லைட் போதும்.

இன்ஸ்பெக்டர் சார், இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ரைட்டர் எழுதிய தாளில் ‘விவரம் தெரியாத பெண்’ என்று ஒரு வரி இருக்கிறது. வரதன் சார் சொல்லி எழுதியதாம். கையெழுத்துப் போடச் சொன்னபோது படித்துப் பார்த்தேன், போடவில்லை. மோட்டாரில் கரண்ட் கசிந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, ஆகவே விபத்து. இப்படி முடித்துவிட்டால் உனக்கும் நல்லதுதானேம்மா என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கு அந்த நல்லது வேண்டாம். ஏரிக்குக் கீழே எங்கள் இருளர் குடியிருப்பில் பதினேழு வீடு. அத்தனை வீட்டிலும் காலேஜ் படி ஏறியவள் நான் ஒருத்திதான். எனக்கு விவரம் தெரியாது என்று சொல்லும் ஒரு தாள் சர்க்கார் கட்டடத்தில் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் என் கையால் எழுதித் தருகிறேன்.

வரதன் சாருக்கு நெல் மில் இருக்கிறது. நான் லேப் அசிஸ்டெண்டாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் செயலாளர். லேபில் நான் வைத்திருந்த சின்னத் தொட்டியைப் பார்த்துவிட்டு, 2004 தை மாதம், உத்திரமேரூரில் கட்டிய புது வீட்டுக்கு ஒன்று வைத்துத் தரச் சொன்னார். ஹாலில் அவருடைய அப்பா படத்துக்குக் கீழே வர வேண்டும். படம் மறையக் கூடாது, ஆனால் சுவரை அடைத்த மாதிரி இருக்க வேண்டும். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம் என்று நான்தான் அளவு சொன்னேன்.

“மண்டபத்துல போடற ஃபோகஸ் லைட்டு ரெண்டு போட்டா பளிச்சினு இருக்கும் இல்ல?” என்றார்.

“மீனு வெந்துடும் சார்.”

“வாயி மட்டும் எம்.ஏ. படிச்சிகீது இதுக்கு” என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். ஆதிலட்சுமி அம்மாள் சிரிக்கவில்லை. நான் எங்கே நிற்கிறேன், எதன் மேல் கை வைத்திருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலடி டியூப் ஒன்று, இரண்டடி டியூப் ஒன்று, வரிசையாக மாட்டினேன். ஆறடிக்குச் சரியாக வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். செடிகளைப் பாதி கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கினேன்; மீதி எங்கள் ஏரியில் அரித்தெடுத்த வேலம்பாசி.

ஃபில்டருக்குத்தான் யோசித்தேன். காற்று மோட்டாரை வெளியே வைத்து, தண்ணீருக்குள் வெறும் ஸ்பாஞ்சு போடும் வகை ஒன்று உண்டு. அதில் தண்ணீருக்குள் கரண்டே போகாது. ஆனால் குமிழி அடித்துக்கொண்டே இருந்தால், செடிக்கு வேண்டிய கரியமில வாயு வெளியேறிவிடும். ஆறடி நீளத்துக்கு ஒரு முனையில் வைத்தால் மறு முனை தேங்கிப்போகும். அதனால் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் ஃபில்டரை இடது முனையில் வைத்து, பின்பக்கக் கண்ணாடி நெடுகிலும் துளை போட்ட குழாய் ஒன்று ஓட்டினேன். வலது கோடியில் இருக்கும் இலைகூட மெல்ல அசைந்தது. அந்தத் தேர்வில் தப்பு இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கரண்ட் தண்ணீருக்குள் இருக்கிறது என்பதால் ஒரு விதி வைத்தேன். கை விடுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது காணோம். “ஹால்ல நோட்டீஸ் ஒட்டிக்கினு, இன்னா ரேஷன் கடையா இது?” என்றாள் ஆதிலட்சுமி.

வெள்ளிதோறும் மதியம் போய்ச் செடி கத்தரித்து, தண்ணீர் மாற்றி, ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சை அலசிவிட்டு வருவேன். மூன்றாவது வாரம் பதினொரு நியான் மீன்கள் செத்து மிதந்தன. மில்லுக்கு நெல் போட வந்திருந்த நாலு பேர் எதிரில் வரதன் சார் கேட்டார்: “நீ இன்னாதாம்மா படிச்சே? எங்க வயக்காட்டு மீனு சேத்துலயே உசுரோட கீது. நீ கண்ணாடில வச்சி சாவடிக்கிற.”

வீட்டுக்குப் பின்னால் போய் ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். மஞ்சளாக வந்தது. மோந்து பார்த்தேன். மஞ்சளோடு கோமியமும் கலந்திருந்தது. அன்றைக்குக் கிளம்பிப் போன பிறகு, மறந்த கத்தரிக்கோலுக்காகத் திரும்பி வந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். தலை குளித்துவிட்டு ஆதிலட்சுமி சொம்போடு நின்றாள். தொட்டிக்கு ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றினாள். ஒரு சொட்டும் தன்மேல் தெறிக்காமல் ஊற்றினாள்.

என் கை பட்ட தண்ணீரை அவள் கழுவினாள். நான் அடுத்த வாரம் ஃபில்டரில் கரித்தூள் பை வைத்து, அவள் கழுவியதைக் கழுவினேன். பதினான்கு மாதம் இப்படியே போனது. மீன்கள் சாகவில்லை. ‘இப்பத்தான் தொழிலு கத்துக்கிச்சி’ என்றார் வரதன் சார்.

வீட்டில் சொன்னபோது அம்மா சிட்டம்மாள் அடுப்பைவிட்டுத் திரும்பக்கூட இல்லை. “ஊத்தனா ஊத்திக்கினு போவட்டும்டி. உன் மேலயா ஊத்தறாங்க? மீனு மேலதான?”

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நீ தொட்டதால் ஊற்றுகிறேன் என்று ஆதிலட்சுமி தன் வாயால் என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். “தண்ணி ஏன் மஞ்சளா கீது மேடம்?” என்று நாலைந்து முறை கேட்டிருக்கிறேன். “லைட்டு அப்பிடி காட்டுது போல” என்பாள். நான் தேர்ந்தெடுத்த லைட்டின் மேல் பழி போடுவாள்.

சென்ற பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிளக்கைப் பிடுங்க மறந்து கை விட்டேன். விரலில் இருந்த கீறலில் முள் குத்திய மாதிரி சுருக்கென்றது. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. மோட்டார் ஒயர் ஒரு இடத்தில் வெடித்திருந்தது. புது மோட்டார் வாங்கச் சொல்ல வேண்டும். சொன்னால் ‘யாரும் கை விடாதீர்கள்’ என்பேன். ‘யாரு கை விடறாங்க?’ என்பாள். அதற்கு மேல் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதனால் சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு நாள் சுருக்கென்று அடிக்கட்டும், அலறிக்கொண்டு வரட்டும், நீ ஏன் மேடம் கை வைத்தாய் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். சுருக்கென்றுதான் அடிக்கும் என்று நினைத்தேன் என எழுதினால் நீங்கள் நம்பக்கூடும். டெஸ்டர் எவ்வளவு பளிச்சென்று எரிந்தது என்று பார்த்தவள் நான்.

மூன்று வெள்ளி போனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் தண்ணீரைத் தொடவே மாட்டாளே. தீட்டுப் பார்த்ததால் பிழைத்துக்கொண்டாள். அவர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, இந்தத் தொட்டியில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான்காவது வெள்ளி நான் போனபோது ஆதிலட்சுமி பின்கட்டில் துவைக்கிற கல் பக்கமாக, தனித் தட்டு, தனி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குத் தூரம். அந்த மூன்று நாளும் அவள் எதையும் தொடக் கூடாது. எனக்கு மாதம் முப்பது நாளும் அப்படித்தான். அவளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வேலை முடிகிற நேரத்தில் பூஜா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அவர்களுடைய ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. அந்த வீட்டில் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். கப்பி மீன்கள் விரலைக் கொத்துவது பிடிக்கும் என்று, நான் இருக்கும்போதெல்லாம் முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நிற்பாள். அவளுக்குத் தீட்டெல்லாம் தெரியாது. அன்றைக்கு அவள் கையில் பித்தளைச் சொம்பு இருந்தது.

“அக்கா, இன்னிக்கி நான்தான் ஊத்தப் போறேன்.”

“இன்னா ஊத்தப் போற?”

“மஞ்சத் தண்ணி. நீ போனப்பறம் எப்பவும் அம்மா ஊத்தும். இன்னிக்கி அம்மா உள்ள வரக் கூடாதாம்.”

“எதுக்குப் பாப்பா ஊத்தறது?”

“நீ தொட்டுட்ட இல்ல, அதுக்கு.”

நாளைக்கு லீவு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பதினான்கு மாதம் காத்திருந்த வார்த்தை. கோபம்கூட வரவில்லை. கேட்க வேண்டிய வாயிலிருந்து வரவில்லையே என்று மட்டும் இருந்தது.

“ஸ்டூல் போட்டுக்கினு ஊத்துவேன். ஊத்திட்டு மீன தொட்டுட்டு எறங்கிடுவேன்” என்றாள். பிறகு பிளக்கைப் பார்த்தாள். “அதப் புடுங்கிட்டுத் தொடணுமாக்கா? நீ புடுங்குவியே.”

அந்த வீட்டில் என் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவள்தான். கேட்டால் சொல்லியிருப்பேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

“உங்கம்மா ஊத்தறப்ப புடுங்குவாங்களா?”

“ம்ஹூம்.”

“அப்ப உங்கம்மா செய்யற மாதிரியே செய்.”

தலையாட்டினாள். நான் பிளக்கை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். டியூப் இரண்டும் எரிகின்றனவா, குழாயில் தண்ணீர் வலது கோடி வரைக்கும் போகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. செருப்பைப் போடும்போது உள்ளே ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். சொம்பு விழுந்து உருளுகிற சத்தம் நிற்கிற வரைக்கும்.

ஆகவே, ‘விவரம் தெரியாத பெண்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். பெயர் இந்து, தகப்பன் பெயர் சடையப்பன், பி.எஸ்சி. விலங்கியல் என்று எழுதுங்கள். முதல் வகுப்பு என்பதையும் விட்டுவிடாதீர்கள்.