வலது கையைப் பிடித்தவன்

என் நண்பனுடைய அத்தைக்கு நடந்தது இது. அவள் வாயாலேயே சொன்னாள் என்கிறான். கிட்டே வந்து உட்காருங்கள்... சத்தமாகச் சொல்லப் போவதில்லை.

பகல் ஒன்று பத்து. புறவழிச் சாலையில் ஈ, காக்கை இல்லை. அத்தை பஸ் கண்டக்டர். காலி வண்டி டிப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தாள்... வலது கை வரவில்லை. டிரைவரைக் கூப்பிட்டாள். பேச்சு வரவில்லை, குழறல்தான் வந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

வண்டியை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

பக்கவாதம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். டிரைவர் நிமிடத்தோடு சொன்னார். நாலரை மணி நேரம் தாண்டியிருந்தால் அந்த ஊசியே கிடையாதாம். எடை பார்த்து, அடைத்திருந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஒரு மணி நேரம் ஏற்றினார்கள்.

அத்தைக்கு எல்லாம் புரிந்தது. சொல்லத்தான் வார்த்தை இல்லை. நர்ஸ் பெயர் கேட்டாள்... "போடா" என்று வந்தது. தலை வலிக்கிறதா என்றாள்... அதற்கும் "போடா"தான். படியில் தொங்குகிறவர்களை முப்பது வருஷம் அதட்டிய சொல். அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. சேதி கேட்டு ஓடி வந்திருந்த நண்பன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அத்தையும் பாதி வாயால் சிரித்தாள்.

அன்று இரவு... இடது கையில் கட்டியிருந்த பிரஷர் பட்டை அவ்வப்போது புஸ்ஸென்று இறுகித் தளர்ந்தது. நடுவில் இன்னொரு சத்தம். சளக்... சளக்... ஈரக் காலடி. சேற்று வாடை. பக்கத்துக் கட்டில் பெரியவரிடம் போய் நின்றது. அவருடைய மானிட்டர் விடாமல் ஒரே சுருதியில் கத்தியது. நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரையை இழுத்து மூடினார்கள்.

காலடி இந்தப் பக்கம் திரும்பியது.

சாயங்காலம் டாக்டர் ஊசியால் குத்தியும் உறைக்காத வலது கை அது. அந்தக் கையில் இப்போது... ஜில்லென்று ஐந்து விரல்கள். இழுத்தன. உடம்பு மெத்தையில் சரிந்தது. அத்தை இடது கையால் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டாள். பயத்தைவிடக் கோபம்தான் வந்ததாம். எத்தனையோ பேரை நடுவழியில் இறக்கிவிட்டவள் அவள். அவளை இறக்கிவிட இவன் யார்?

"போடா."

இழுப்பு கூடியது.

"போடா... போடா..."

விடியும்வரை சொன்னாள். ஜன்னல் வெளுத்தபோது இழுப்பு நின்றது. ஆனால், காலடி திரும்பிப் போன சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் மறுபடி ஸ்கேன் பார்த்து, ஆஸ்பிரின் ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் பேச்சு துண்டு துண்டாக வந்தது. டாக்டர் தன் இரண்டு விரல்களை அவளுடைய வலது உள்ளங்கையில் வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கை மூடிக்கொண்டது. மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்று டாக்டர் மகிழ்ந்துபோனார். பிறகு அவர் முகம் சுருங்கியது. விரல் நுனிகள் வெளுத்தன. போதும், விடுங்கள் என்றார்.

அத்தை மெல்லத் தலையசைத்தாள்.

"புடிச்சது... நான் இல்ல டாக்டர்."

தன் வலது கையையே முறைத்துப் பார்த்தாள். மூச்சை இழுத்து, நிதானமாகச் சொன்னாள்.

"விடுடா."

விட்டது.