மெட்டுக்கு யார் சொந்தக்காரர்

— நான் யார்கிட்டயும் திருடலடி! அதை முதல்ல எழுது!

— அக்கா, திருடினேன்னு யாரும் சொல்லல. உரிமை மீறல்னுதான்...

— ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணுக்குப் போலீஸ் வருவான், ஒண்ணுக்கு வக்கீல் வருவா.

— வந்த வக்கீல் உன் கூடப்பிறந்தவ, ஃபீஸும் கேக்கல. பாயின்ட்டுக்கு வா. ஏற்கெனவே ரெண்டு வீடியோவுக்குப் புகார். மூணாவதும் நிலைச்சா சேனலையே மூடிடுவாங்க. காலர் வைக்கறது, ஜிப் தைக்கறது, நீ போட்ட பாடம் அத்தனையும் போயிடும். சரியா?

— அப்ப என்னைப் பார்த்துத் தைக்கற பொண்ணுங்க? நேத்து ஒருத்தி எழுதியிருக்கா, கை வெச்சுட்டேன், கழுத்து வெட்டறது எப்ப போடுவீங்கன்னு. கழுத்தில்லாத சட்டையோட அவ எங்க போவா?

— அதாவது, நான் ஒண்ணு சொல்லலாமா...

— நீங்க பேசாம எனக்கு ஊசியில நூலைக் கோத்துக் குடுங்க. இந்த வீடு ஒரு வக்கீலுக்கு மேல தாங்காது.

— அத்தானை அப்புறம் அதட்டுக்கா. உன் தையலைப் பத்திப் புகாரே இல்ல. தைக்கும்போது முணுமுணுக்கறியே, அந்த மெட்டு. அது எங்களோடதுன்னு ஒரு கம்பெனி சொல்லுது.

— கம்பெனிக்கு ஏதுடி வாய், முணுமுணுக்க?

— காது இருக்கு. கம்ப்யூட்டர் காது. எவன் எந்த மூலையில பாடினாலும் ஒட்டுக்கேக்கும். கம்பெனிகிட்ட இருக்கற பாட்டோட பொருந்துச்சுன்னா உடனே புகார். இப்ப நேராக் கேக்கறேன். அந்த மெட்டை நீ கட்டினியா?

— அது எங்க வீட்டு மெட்டு.

— ஆமாவா, இல்லையா?

— இந்த வீட்டுக்குள்ள பொறந்து, இந்த வீட்டுக்குள்ளயே வளர்ந்தது. இதுக்கு மேல என்ன வேணும்?

— ரேடியோவுல கேட்டதா?

— ரேடியோவுல வந்திருந்தா இவ்வளவு நல்லாவா இருக்கும்?

— கோர்ட்ல இப்படிப் பதில் சொன்னா, ஜட்ஜ் நல்லாச் சிரிச்சுட்டு உன்னைத் தோக்கடிச்சுடுவார். அத்தான், கொஞ்சம் முணுமுணுக்காம இருங்களேன், எனக்கு யோசனையே ஓடல.

— நானா? நான் வாயே திறக்கலையேம்மா.

— அவரை விடுடி. பதில் எழுது, நான் சொல்றேன். "அடேய் களவாணிங்களா..."

— சட்டப்படி அனுப்பற பதில்க்கா இது!

— சரி, மரியாதையாவே போடு. "மதிப்பிற்குரிய களவாணிகளே..."

— அதாவது, அவ்வளவு காரம் வேண்டாம்மா.

— ஏன், அவங்க உங்களுக்கு மாமன் மச்சானா?

— அதாவது... அவங்களை ஏற்பாடு பண்ணினதே நான்தான்.

— என்னது?

— என்ன அத்தான் சொல்றீங்க?

— வக்கீலம்மா, உன் பேச்சைக் கேட்டுத்தான். போன தடவை சாப்பிட வந்தப்போ சொன்னியே, நல்ல சரக்கு எது இருந்தாலும் பதிவு பண்ணி வைங்க, இல்லேன்னா எவனாவது தூக்கிட்டுப் போய்த் தன்னுதும்பான்னு. இவ தைக்கறப்போ கதவுக்குப் பின்னாடி நின்னு, ஃபோன்ல பதிவு பண்ணினேன். ஒரு கம்பெனிகிட்ட குடுத்தேன். மெட்டு இவ பேர்ல. யாரு இதைப் போட்டாலும் பிடிங்கன்னு சொல்லியிருந்தேன்.

— பிடிச்சுட்டாங்க!

— அத்தான், காவலுக்கு வெச்ச நாய் வீட்டுக்காரியையே கடிச்சிருக்கு. இது அக்காவோட சேனல்னு அவங்ககிட்ட சொல்லவே இல்லையா?

— அதை யாராவது சொல்லணுமா? குரலைக் கேட்டாலே தெரியுமே, இவதான்னு.

— உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

— நாலு நாளா நான் சோறு தண்ணி இல்லாமப் புலம்பறேன், பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு...

— சொல்ல வந்தப்பல்லாம் நூல் கோக்கச் சொல்லிட்டியே. பிறந்தநாளுக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். உனக்குன்னு உன் பேர்ல ஒண்ணு இருக்கட்டுமேன்னு...

— சிரிக்காதடி.

— எங்க சிரிச்சேன்? நீதான் சிரிக்கற. சரி, ஒண்ணும் குடி முழுகிடல. இது எங்க ஆளுதான்னு கம்பெனிக்கு அத்தான் ரெண்டு வரி எழுதினாப் போதும், புகாரெல்லாம் வாபஸ். கழுத்துப் பாடத்தை இன்னைக்கே போட்டுடலாம். கூடவே நீ ஒரு உறுதிமொழி குடுத்துடு, "இந்த மெட்டைக் கட்டியது நானே"ன்னு. இந்தா பேனா.

— போட மாட்டேன்.

— ஐயோ, இன்னும் என்னக்கா?

— போடும்மா. உன் மெட்டுக்கு நீ கையெழுத்துப் போட என்ன தயக்கம்?

— என் மெட்டா? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து, எனக்கு ஊசியில நூல் கோக்கறப்பல்லாம் நீங்க முணுமுணுக்கறதுதாங்க அது. சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திடுவீங்கன்னுதான் இத்தனை வருஷமா வாயைத் திறக்காம இருந்தேன்.